ட்ரெய்னியாகச் சேரும் முன்

கல்லூரியில் கடைசி ஆண்டு தொடங்கியதும் ஜி.இ.டி., மேனேஜ்மென்ட் ட்ரெய்னி, அப்ரன்டிஸ் என்ற மூன்று பெயர்கள் காதில் விழத் தொடங்கும். மூன்றுமே படிப்பை முடித்த கையோடு ஒரு பெரிய நிறுவனத்துக்குள் நுழையும் வழிகள்தான். ஆனால் உள்ளே போன பிறகு கிடைக்கும் உரிமையும் சம்பளமும் எதிர்காலமும் ஒன்றல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஓராண்டு கழித்துத் திகைத்து நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஜி.இ.டி. என்றால் கிராஜுவேட் இன்ஜினியர் ட்ரெய்னி. நிறுவனம் உங்களை வேலைக்கே எடுக்கிறது. முதல் ஆறு மாதமோ ஓராண்டோ பயிற்சிக் காலம். அதில் தேறினால் பணி உறுதியாகும். இதைத்தான் 'கன்ஃபர்மேஷன்' என்கிறார்கள். மேனேஜ்மென்ட் ட்ரெய்னி என்பது பெரும்பாலும் எம்.பி.ஏ. முடித்தவர்களுக்கானது. இந்தியாவில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. ஜே.ஆர்.டி. டாட்டா 1956-லேயே டாட்டா அட்மினிஸ்ட்ரேட்டிவ் சர்வீஸ் என்ற திட்டத்தைத் தொடங்கினார். இளைஞர்களை எடுத்து, குழுமத்தின் பல நிறுவனங்களில் பழக்கி, பின்னாளில் நிர்வாகப் பொறுப்புக்குக் கொண்டுவருவது அதன் நோக்கம். ஹிந்துஸ்தான் யூனிலீவர் தன் பயிற்சியாளர்களைச் சில வாரங்கள் கிராமத்தில் தங்கவைக்கும் வழக்கத்தை வைத்திருந்தது. சோப்பு விற்கப்போகிறவர், அதை வாங்குகிற வீட்டை அறிந்திருக்க வேண்டும் என்பது அதன் எண்ணம்.

அப்ரன்டிஸ் கதை வேறு. அது 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது. பொறியியல் பட்டதாரிகளும் டிப்ளமோ முடித்தவர்களும் 1973-இல் அதற்குள் கொண்டுவரப்பட்டார்கள். 2014-இல் வந்த திருத்தம் பிற பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கும் வழி திறந்தது. இங்கே கிடைப்பது சம்பளம் அல்ல, உதவித்தொகை. சட்டத்தின் பார்வையில் அப்ரன்டிஸ் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருந்தாலொழிய, பயிற்சி முடிந்ததும் வேலை கொடுக்கும் கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. அதற்காக இதை ஒதுக்கிவிட வேண்டாம். கேம்பஸ் இன்டர்வியூவே நடக்காத கல்லூரியில் படித்தவருக்குத் திருச்சி பெல், நெய்வேலி என்.எல்.சி. போன்ற இடங்களுக்குள் கால்வைக்க இது நேர்மையான வழி. தென்மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. பதிவு, தேசிய அப்ரன்டிஸ் பயிற்சித் திட்டமான என்.ஏ.டி.எஸ். இணையதளத்தில்.

புதியவர்களின் பயிற்சிக்காக நிறுவனங்கள் ஏன் செலவு செய்கின்றன? கல்லூரி பொதுவான அறிவைத் தருகிறது. ஆனால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனி இயந்திரம், தனித்தனி மென்பொருள், தனித்தனி வாடிக்கையாளர். அதைக் கற்றுக்கொள்ளும்வரை புதியவரால் லாபம் இல்லை. அந்தக் காலத்தின் செலவை நிறுவனம் ஏற்றுக்கொள்கிறது. ஆகவே 'எனக்குத் தெரியவில்லை, சொல்லிக்கொடுங்கள்' என்று தயங்காமல் கேட்கக்கூடிய ஆண்டு இதுதான். மூன்று ஆண்டு கழித்து அதே கேள்வியைக் கேட்டால், இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று பார்ப்பார்கள். அதனால்தான் முதல் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது, எவ்வளவு கொடுப்பார்கள் என்பதற்கு இணையாக, எதைக் கற்றுத்தருவார்கள் என்று விசாரியுங்கள் என்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் கார் ஆலை ஒன்றை நினைத்துப் பாருங்கள். தகடு பாகமாக உருப்பெறும் பிரஸ் ஷாப், பாகங்கள் வெல்டிங்கில் ஒன்றுசேரும் பாடி ஷாப், பெயின்ட் ஷாப், கடைசியாக அசெம்ப்ளி லைன். நல்ல பயிற்சித் திட்டம் இவற்றில் ஒவ்வொன்றிலும் சில வாரங்கள் உங்களை நிறுத்தும்; தரக்கட்டுப்பாடு, பராமரிப்பு ஆகியவற்றையும் காட்டும். கதவு சரியாகப் பொருந்தவில்லை என்று அசெம்ப்ளியில் எழும் புகாருக்குக் காரணம் பிரஸ் ஷாப்பில் இருக்கலாம். இரண்டு இடத்திலும் நின்றவருக்குத்தான் அது பிடிபடும். மோசமான திட்டம் உங்களை முதல் வாரமே ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, எக்செல் அறிக்கை தயாரிக்கச் சொல்லிவிடும். ஓராண்டு போனதே தெரியாது.

ஷாப் ஃப்ளோரில் உங்களுக்கு உண்மையில் பாடம் நடத்துபவர் மேனேஜர் அல்லர். இருபது ஆண்டு அதே இயந்திரத்தோடு வாழ்ந்த ஆபரேட்டர். அவர் ஐ.டி.ஐ. படித்தவராக இருக்கலாம். பட்டம் இருக்கிறது என்ற எண்ணத்தை வாசலிலேயே விட்டுவிட்டு, "அண்ணே, இந்தச் சத்தம் ஏன் வருது?" என்று பக்கத்தில் போய் நில்லுங்கள். நைட் ஷிஃப்டில், கூட்டம் குறைந்த நேரத்தில் அவர் சொல்லித்தருவது எந்தப் பயிற்சி ஏட்டிலும் இருக்காது.

மென்பொருள் நிறுவனங்களில் பயிற்சி வகுப்பறையில் நடக்கும். இன்ஃபோசிஸின் மைசூரு வளாகம் இதற்குப் பெயர்பெற்றது. அங்கே உள்தேர்வுகள் உண்டு. அவற்றைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. 2025 பிப்ரவரியில், மூன்று வாய்ப்பிலும் தேறவில்லை என்று 300-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை அந்நிறுவனம் அங்கிருந்து அனுப்பியது. அவர்களில் பலர் 2022-இல் ஆஃபர் பெற்று, பணியில் சேர இரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருந்தவர்கள். அந்தக் காத்திருப்பின் வலியை நினைத்தால் மனம் கனக்கிறது. ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது என்பதற்காக வேறு முயற்சிகளை நிறுத்திவிடாதீர்கள். சேரும் தேதி அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வங்கிகளின் கல்விக் கடனில் பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டு வரைதான் தவணை கட்டாமல் இருக்க அவகாசம். வேலை தள்ளிப்போனாலும் அந்தத் தேதி தள்ளிப்போகாது.

அடுத்து, சி.டி.சி. எனப்படும் மொத்தத் தொகை. அது உங்கள் கைக்கு வரும் பணம் அல்ல. நிறுவனம் செலுத்தும் பி.எஃப். பங்கு, பொதுவாக ஐந்தாண்டு பணி முடித்தால் மட்டுமே கிடைக்கும் கிராஜுவிட்டி, காப்பீட்டு பிரீமியம், வரலாம் வராமலும் போகலாம் என்ற நிலையில் உள்ள ஊக்கத்தொகை எல்லாம் அதற்குள் அடக்கம். மாதம் எவ்வளவு கையில் வரும் என்று எச்.ஆரிடம் நேராகவே கேளுங்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது. வேலை எந்த ஊரில் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கட்டுமான நிறுவனமென்றால் தலைமையகம் சென்னையில் இருந்தாலும் சைட் ஒடிசாவிலோ குஜராத்திலோ இருக்கும்.

பெற்றோர் அதிகம் பயப்படுவது பாண்டுக்குத்தான். இத்தனை ஆண்டுக்குள் விலகினால் இவ்வளவு கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம் அது. 'கோர்ட்டில் இதெல்லாம் செல்லாது' என்று சீனியர்கள் சொல்வதை நம்பிக் கையெழுத்திடாதீர்கள். 2025 மே மாதம், விஜயா வங்கி தொடர்பான வழக்கில், மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே நேரம், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, எழுதிய தொகைக்கு மிகாமல் நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது. தொகை எவ்வளவு, எந்த நாளிலிருந்து கணக்கு, நிறுவனமே அனுப்பினால் என்ன ஆகும் என்ற மூன்றையும் படித்துவிட்டு முடிவெடுங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம்; யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். வேலைக்கு முன்பணம் கேட்பவர் எந்தப் பெயரைச் சொன்னாலும் அது மோசடிதான்.

உள்ளே நுழைய என்ன வேண்டும்? பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 விழுக்காடு, நிலுவையில் அரியர் இல்லாமை என்ற வரம்பைப் பல நிறுவனங்கள் வைக்கின்றன. பிறகு ஆப்டிட்யூட் தேர்வு, பாடம் சார்ந்த நேர்காணல், எச்.ஆர். நேர்காணல். கல்லூரிக்கு நிறுவனங்கள் வராவிட்டால், டி.சி.எஸ். நடத்தும் என்.க்யூ.டி. போன்ற திறந்த தேர்வுகள் உண்டு. பொதுத்துறை நிறுவனங்கள் பல, கேட் (GATE) தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு பயிற்சிப் பொறியாளர்களை எடுக்கின்றன. கேட் எழுதும் எண்ணம் இருந்தால் மூன்றாம் ஆண்டிலேயே தொடங்கிவிடுவது நல்லது. நேர்காணலில் உங்கள் ப்ராஜெக்டைப் பற்றித்தான் துருவுவார்கள். கடையில் வாங்கிவந்த ப்ராஜெக்ட் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்ளும். சிறியதானாலும் நீங்களே செய்ததைக் கொண்டுபோங்கள்.

சேர்ந்த பிறகு முக்கியமான கட்டம், பயிற்சி முடிவில் துறை ஒதுக்கும் வாரம். அந்த வாரம் வந்தபின் விருப்பம் சொன்னால் பெரும்பாலும் பட்டியல் முடிவாகியிருக்கும். பிடித்த துறையில் பயிற்சியில் இருக்கும்போதே அங்குள்ள மேனேஜரைச் சந்தித்து, எந்த வேலையை ஏன் செய்ய விரும்புகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். அங்கே நீங்கள் செய்த சிறு வேலை ஒன்றையாவது, தேதியும் அளவும் போட்டு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். ஆட்கள் தேவை என்று அவர் எச்.ஆருக்குக் கடிதம் அனுப்பும்போது, உங்கள் பெயரைக் குறிப்பிட அவரிடம் ஒரு காரணம் இருக்கும்.