பிள்ளையின் கையில் கண்ட தழும்புகள்

இதை எழுதுவதா விடுவதா என்று கனநாள் யோசித்தேன். இது என் கதை மட்டுமல்ல, நான் வளர்த்த பிள்ளையின் கதையும்கூட. அவளிடமே கேட்டேன். “பேர் போடாமல் எழுதுங்கோ சித்தி. ஒரு பிள்ளைக்காவது அடி விழாமல் இருக்கட்டும்” என்றாள். அடித்தவள் நான்தான்.

அவள் என் அக்காவின் மகள். 2009ஆம் ஆண்டு மாத்தளன் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தபோது செல் விழுந்து அக்காவை இழந்தோம். தகப்பன் அதற்கு முன்பே காணாமல் போயிருந்தார். பிள்ளைக்கு அப்போது ஆறு வயது. செட்டிகுளம் முகாமில் என் மகனோடு சேர்த்து அவளையும் வைத்துக்கொண்டேன். பிறகு ஊருக்குத் திரும்பி, தகரக் கொட்டிலில் தொடங்கி, வீட்டுத்திட்டத்தில் கல்வீடு கண்டு, பள்ளிக்கூடமும் அனுப்பினேன். அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

2019ஆம் ஆண்டு சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வைகாசி வெக்கையிலும் வீட்டுக்குள் முழுக்கைச் சட்டையோடு திரிந்தாள். கிணற்றடியில் தற்செயலாகத்தான் கண்டேன். இடது கையில் வரிசையாகத் தழும்புகள். சில பழையவை, சில புதியவை. எனக்குக் கண்மண் தெரியவில்லை. “செல்லுக்கும் குண்டுக்கும் தப்ப வைச்சுக் கொண்டுவந்த உடம்படி இது! இதை நீயே காயப்படுத்துறியோ?” என்று கத்தி அடித்தேன். அவள் அழவில்லை. அந்தப் பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அயலில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். காதல் தோல்வி என்றார் ஒருவர். தாயின் ஆவி என்றார் இன்னொருவர். “எல்லாரும் தன்னைப் பாக்கவேணும் எண்டு நடிக்கிறாள்” என்றவர்கள்தான் அதிகம். கோயிலுக்குக் கூட்டிப்போய் நூல் கட்டினேன். நூல் கட்டியது பிழை என்று இப்போதும் சொல்லமாட்டேன். அதோடு நின்றுவிட்டதுதான் பிழை. வைத்தியசாலைக்குப் போனால் பொலிஸ் வரும், பிள்ளையின் பெயர் கெட்டுவிடும் என்று பயந்து நாலைந்து மாதத்தை வீணாக்கினேன். எங்கள் நாட்டில் உயிரை மாய்க்க முயல்வது குற்றம் என்றிருந்த சட்டம் 1998ஆம் ஆண்டே நீக்கப்பட்டுவிட்டது. இதை எனக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

கடைசியில் பாடசாலையில் உளவளத்துணை பார்க்கிற ரீச்சர்தான் எங்களை உளநல கிளினிக்குக்கு அனுப்பினார். அங்கிருந்த உளவளத்துணையாளர் “ஏன் செய்தாய்?” என்று கேட்கவில்லை. “செய்யிறதுக்குக் கொஞ்சம் முன்னம் உள்ளுக்குள்ள என்ன நடந்தது?” என்றுதான் கேட்டார். பிள்ளை முதன்முதலாக வாய் திறந்தாள். “நெஞ்சுக்குள்ள நெருப்பு எரியிற மாதிரி. சில நேரம் ஒண்டுமே இல்லை, நான் கல்லு மாதிரி. செய்தாப் பிறகு கொஞ்ச நேரம் அடங்கும். பிறகு வெக்கம். என்னை எனக்கே பிடிக்காது.”

அந்த வெட்கம்தான் மறுபடியும் நெருப்பை மூட்டுகிறது என்று அவர் விளங்கப்படுத்தினார். தாங்க முடியாத உணர்ச்சி வருகிறது, சொல்ல ஆளில்லை, சொல்லவும் தெரியவில்லை. உடம்பை நோகடித்தால் மனநோவு சற்று அடங்குகிறது. அந்த அடக்கம் நிலைப்பதில்லை, வெட்கந்தான் மிஞ்சுகிறது. ஆனால் அந்தச் சிறு ஆறுதலை மூளை பழகிக்கொள்கிறது. பெரும்பாலான வேளைகளில் சாக நினைத்துச் செய்வதில்லை. அதற்காக இலேசாக விட்டுவிடவும் கூடாது. திரும்பத் திரும்பத் தன்னைக் காயப்படுத்துகிறவர்களுக்கு, பின்னொருநாள் உயிரை மாய்க்கும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். அன்றே வீட்டிலிருந்த பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னார். பூட்டினேன்.

பிறகு வீட்டில் அவள் எப்படி என்று என்னிடம் கேட்டார். நான் சொல்லச் சொல்ல எனக்கே புதினமாக இருந்தது. ஒரு சிநேகிதி வந்தால் ஒரு கிழமை அவள்தான் உலகம், அடுத்த கிழமை அவளின் முகத்தில் விழிக்கமாட்டாள். நான் சந்தையால் வர அரைமணி நேரம் பிந்தினால் இருபது தரம் போன் எடுப்பாள். வந்து சேர்ந்தால் கோப்பையை எறிவாள், அடுத்த நிமிடம் காலைக் கட்டிக்கொண்டு “என்னை விட்டிட்டுப் போயிடாதேங்கோ” என்று அழுவாள். காலையில் சிரிப்பு, மத்தியானம் கோபம், பின்னேரம் வெறுமை. “நான் ஆர் எண்டு எனக்கே தெரியேல்லை” என்பாள். இதையெல்லாம் நான் “தகப்பன்ரை குணம்” என்று தள்ளிவைத்திருந்தேன்.

வைத்தியர் அப்போது எந்தப் பெயரும் வைக்கவில்லை. வளரும் வயது, பொறுத்துப் பார்ப்போம் என்றார். பதினெட்டு தாண்டிய பிறகுதான் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறின் அறிகுறிகள் பல இருக்கின்றன, அதோடு போர் தந்த மனவடுவும் கலந்திருக்கிறது என்றார். எல்லைக்கோடு என்றதும் எனக்கு ஓமந்தைச் சோதனைச்சாவடிதான் ஞாபகம் வந்தது! 1938ஆம் ஆண்டு அடோல்ஃப் ஸ்ரேர்ன் என்ற அமெரிக்க வைத்தியர், அக்காலத்தில் மனநோய்களை இரண்டாகப் பிரித்திருந்த வகைகளில் எதிலும் அடங்காமல் நடுவில் நின்றவர்களுக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தினாராம். 1980இல் அது அமெரிக்க உளமருத்துவக் கைநூலில் ஏறியது. நல்ல பெயரென்று நான் சொல்லமாட்டேன். கேட்பவர்கள் பிள்ளையே பழுது என்று எண்ணுகிறார்கள்.

ஒன்றைக் கவனமாக வாசியுங்கள். அந்தக் கைநூலில் இந்தக் கோளாறுக்கு ஒன்பது அறிகுறிகள் உண்டு. கைவிடப்படுவோம் என்ற பயம், நிலையில்லாத உறவுகள், நான் யார் என்ற குழப்பம், யோசிக்காமல் ஆபத்தில் இறங்குவது, தன்னைக் காயப்படுத்துவது அல்லது உயிரை மாய்க்க முயல்வது, மணிக்கு மணி மாறும் மனநிலை, வெறுமை, அடங்காத கோபம், நெருக்கடியில் வரும் சந்தேகமும் தன்னிலை மறப்பும். இவற்றில் குறைந்தது ஐந்து இருக்கவேண்டும், அதுவும் நீண்டகாலமாக. கையில் தழும்பு இருப்பது ஒன்பதில் ஒன்றுதான். அதைமட்டும் வைத்து ஒரு பிள்ளைக்கு இந்த நோய் என்று சொல்ல முடியாது. மனச்சோர்விலும் இப்படிச் செய்வார்கள், வீட்டில் அடி உதையோ பாலியல் தொந்தரவோ நடந்தாலும் செய்வார்கள். 2013ஆம் ஆண்டு வந்த கைநூல், சாகும் எண்ணமின்றித் தன்னைக் காயப்படுத்துவதை, மேலும் ஆராயவேண்டிய தனி நிலையாகவே குறித்தது. மறுபக்கம், இந்தக் கோளாறு உள்ள எல்லோரும் தங்களைக் காயப்படுத்துவதுமில்லை. ஆகையால் அயலவர் பெயர் வைக்க இடங்கொடாதீர்கள். அது வைத்தியரின் வேலை.

போருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்பீர்கள். 1989ஆம் ஆண்டு ஜூடித் ஹெர்மன் என்ற அமெரிக்க உளமருத்துவரும் அவரது துணைவர்களும் வெளியிட்ட ஆய்வில், இந்தக் கோளாறு உள்ளவர்களில் 81 வீதமானோர் சிறுவயதில் கடுமையான அடி, பாலியல் வன்முறை, வீட்டு வன்முறை போன்றவற்றை அனுபவித்ததாகச் சொன்னார்கள். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், நீண்டகால வன்கொடுமைகளால் வரும் சிக்கலான மனவடு என்று தனியாக ஒன்று உண்டு. அதன் சில அறிகுறிகள் இதோடு ஒட்டியிருப்பதால் வைத்தியர்களுக்கே பிரித்தறிவது கடினமாம். ஆனால் மனவடு உள்ள எல்லோருக்கும் இது வருவதில்லை. ஒரே பங்கருக்குள் கிடந்த என் மகனுக்கு வரவில்லை.

ஏன் வரவில்லை என்று யோசித்து நித்திரை இழந்த எனக்கு, மார்ஷா லைனஹான் என்ற அமெரிக்கப் பெண்ணின் விளக்கம்தான் பதில் தந்தது. சிலர் பிறப்பிலேயே உணர்ச்சி மிகுந்தவர்கள். அப்படிப்பட்ட பிள்ளையிடம், அதன் துயரம் துயரமே அல்ல என்று சுற்றியிருப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னால், உணர்ச்சியை அடக்கவும் சொல்லவும் அது கற்றுக்கொள்ளாது. கையில் கீறல் விழும்வரை யாரும் திரும்பிப் பார்ப்பதுமில்லை. இதைக் கேட்டபோது எனக்கு என் குரலே கேட்டது. “நீ மட்டுமோ தாயை இழந்தனீ? எல்லாருக்கும்தான் நடந்தது. அழாமல் படி.” முகாமில் ஆயிரம் தரம் சொல்லியிருப்பேன். பிள்ளை உடைந்துவிடக்கூடாது என்றுதான் சொன்னேன். நானும் அழுதால் ஆர் தண்ணிக்கு வரிசையில் நிற்பது? எங்களில் யாரையும் குற்றஞ்சொல்ல இதை எழுதவில்லை. ஆனாலும் அந்தச் சொல் அவளைக் காயப்படுத்தியது உண்மை.

லைனஹான் தானும் அந்த நிலையில் இருந்தவர். 1961இல், பதினேழு வயதில், தன்னைக் காயப்படுத்திக்கொண்டதால் மனநல வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். பின்னர் படித்து உளவியல் பேராசிரியராகி, இதற்கென்றே ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். இயங்கியல் நடத்தைச் சிகிச்சை என்பார்கள். தன் கதையை 2011ஆம் ஆண்டுதான் வெளியே சொன்னார். அவ்வளவு படித்தவருக்கே ஐம்பது வருடம் எடுத்திருக்கிறது.

இந்தக் கோளாறுக்கென்று தனி மாத்திரை இல்லை. கூட வரும் மனச்சோர்வுக்கோ நித்திரையின்மைக்கோ வைத்தியர் மருந்து தருவார். முக்கியமானது பேச்சும் பயிற்சியும். எங்கள் பிள்ளைக்கு அந்த அமெரிக்க முறை முழுதாகக் கிடைக்கவில்லை. உளவளத்துணையாளர் அதிலிருந்து சிலவற்றைச் சொல்லிக்கொடுத்தார். நெருப்பு மூளும்போது குளிர்ந்த தண்ணீரில் முகத்தை அமிழ்த்துவது (நெஞ்சுவருத்தம் உள்ளவர்கள் செய்யக்கூடாது), வளவைச் சுற்றி வேகமாக நடப்பது, பதினைந்து நிமிடம் மட்டும் தள்ளிப்போடுவது, பிறகு இன்னொரு பதினைந்து. உணர்ச்சி அலைபோல ஏறி இறங்கும், ஏறிக்கொண்டே இருக்காது என்று அவளுக்குப் பழகப் பழகத்தான் விளங்கியது. எனக்கும் பாடம் இருந்தது. காயம் கண்டால் கத்தாமல், கெஞ்சாமல், மருந்துகட்டி, ஆழமென்றால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது. காயம் இல்லாத நாளிலும் பக்கத்தில் இருப்பது. “இனிச் செய்யமாட்டேன்” என்று தலையிலடித்துச் சத்தியம் வாங்காமலிருப்பது. “உனக்கு நோகுது, எனக்குத் தெரியுது” என்று சொல்வது. கடைசிதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. செத்துவிடப்போகிறேன் என்று சொன்னால் தனியே விடக்கூடாது, உடனே வைத்தியசாலைக்கு. இரவில் வழி தெரியாவிட்டால் 1926 என்ற உளநலத் தொலைபேசி இலக்கத்தில் தமிழிலும் கதைக்கலாம்.

இது மாறுமா என்று அழுதபடி கேட்டிருக்கிறேன். அமெரிக்காவில் 290 நோயாளர்களைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், பத்து ஆண்டுகளுக்குள் 93 வீதமானோருக்குக் குறைந்தது இரண்டு வருடம் இந்தக் கோளாறு என்று சொல்லுமளவுக்கு அறிகுறிகள் இருக்கவில்லை. ஆனால் தொழிலும் உறவும் சேர்ந்து முழுமையாகத் தேறியவர்கள் பாதிப்பேர்தான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் போகிறது. இடையில் இரண்டு தரம் பழையபடி வந்தது. இரண்டு தரமும் அவளே வந்து என்னிடம் சொன்னாள்.

இப்போது தையல் நிலையமொன்றில் வேலை செய்கிறாள். போன மாதம் ஒரு கலியாண வீட்டுக்குக் கட்டைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். பந்தியில் ஒரு மனிசி கையைப் பிடித்து, “என்ன பிள்ளை இது?” என்று கேட்டா. எனக்கு நெஞ்சு அடித்தது. “அது பழைய காயம் மாமி” என்று சொல்லிவிட்டு, சோற்றுச் சட்டியோடு அடுத்த இலைக்குப் போனாள்.