புயல் ஓய்ந்த பின்னும் தங்கியவர்கள்



புயல் ஒன்று கரையைக் கடப்பதற்குச் சில மணி நேரமே ஆகின்றது. அது சாய்த்துவிட்டுப் போன குடும்பம் நிமிர்வதற்கோ ஆண்டுகள் பல பிடிக்கின்றன. முதல் சில நாள்களில் உணவுப் பொட்டலங்களும் போர்வைகளும் லாரி லாரியாக வந்து குவியும். பத்திரிகைகளில் படங்கள் வெளிவரும். பிறகு சாலை வெறிச்சோடிவிடும். கூரையற்ற வீட்டில் ஒரு தாய் தன் பிள்ளைகளோடு தனித்து நிற்பது அதன் பின்னர்தான். அந்நாள்களில் அவளருகே நிற்பவர் யார்? இக்கேள்வியை முன்வைத்துச் சில செய்திகளை உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

தேவாலயம் தயாரித்த பட்டியல்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைச் சூறையாடியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஆழ்கடல் மீன்பிடிப்பில் பேர்பெற்ற தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களைச் சேர்ந்தோர் பலர் அப்போது நடுக்கடலில் இருந்தனர். பல நாள்களுக்கு முன்பே புறப்பட்டுவிட்ட அவர்களுக்குப் புயலெச்சரிக்கை சென்று சேரவில்லை. சென்றவர் எத்தனை பேர், திரும்பியவர் எத்தனை பேர் என்பதில் அரசின் கணக்கும் ஊராரின் கணக்கும் ஒத்துவரவில்லை.

அவ்வேளையில் அவ்வூர்ப் பங்குத் தேவாலயங்கள் காணாமற்போனோரின் பெயர்களைத் திரட்டிப் பட்டியலிட்டன. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் மறியலில் ஈடுபட்டபோது அருட்தந்தையரும் மக்களோடு இருந்தனர்.

பட்டியல் எழுதுவது அவ்வளவு பெரிய உதவியா என்று நீங்கள் எண்ணலாம். காணாமற்போன ஒருவரை ஏழாண்டுகள் கடந்த பின்னரே இறந்தவராகக் கருதலாம் என்பது நம் நாட்டுச் சாட்சியச் சட்டத்தின் பொது விதி. கணவனின் உடலைக் கடல் திருப்பித் தராத பெண்ணுக்கு இறப்புச் சான்றிதழ் எங்ஙனம் கிடைக்கும்? சான்றிதழ் இன்றி நிவாரணத் தொகையை எங்ஙனம் கேட்பாள்? ஒக்கியில் காணாமற்போனோரின் குடும்பங்களுக்கு ஏழாண்டுக் காத்திருப்பின்றி 20 லட்சம் ரூபாய் வழங்கத் தமிழக அரசு முன்வந்தது. அத்தகைய நேரத்தில் ஒருவரின் பெயர் ஏட்டில் இருப்பதும் இல்லாதிருப்பதும் ஒரு குடும்பத்தின் வாழ்வையே தீர்மானித்துவிடும்.

நிலைத்து நிற்கும் உதவி

1977 நவம்பர் 19 அன்று ஆந்திரத்தின் திவிசீமைப் பகுதியைப் புயலும் கடற்பெருக்கும் விழுங்கின. ஆயிரமாயிரம் உயிர்கள் மடிந்தன. பிரிவினைக் கால அகதிகளின் துயர் துடைக்க 1947-இல் தொடங்கப்பட்ட 'காசா' என்னும் திருச்சபைகளின் தொண்டு நிறுவனம் அங்கும் சென்றது. உணவளித்ததோடு திரும்பிவிடாமல், அடுத்த புயலுக்கு மக்கள் ஒதுங்குவதற்கென உறுதியான புகலிடங்களை அக்கடலோரத்தில் எழுப்பியது.

கடல் கடந்த நாட்டிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவில் மெனோனைட் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் 1950-இல் பேரிடர்ப் பணி அமைப்பொன்றை உருவாக்கினர. தச்சரும் கூரை வேய்வோரும் கைத்தொழில் அறியாத இளைஞரும் ஊதியமின்றி அதில் சேர்ந்து, புயலில் சிதைந்த வீடுகளைச் செப்பனிட்டுத் தருகின்றனர். 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் லூசியானா, மிசிசிப்பி மாநிலங்களைப் பாழாக்கிய பின், பிறர் கவனம் திசை மாறிய ஆண்டுகளிலும் அவர்கள் அங்கே சுவர் எழுப்பிக்கொண்டிருந்தனர்.

ஓர் ஐயம்

இத்தகைய உதவிகளின் பின்னே மதமாற்ற நோக்கம் ஒளிந்திருக்குமோ என ஐயுறுவோர் நம்மிடையே உண்டு. அவ்வையத்தை மறைப்பதால் பயனில்லை. பேரிடர் நிவாரணத்தில் ஈடுபடும் தொண்டு நிறுவனங்களுக்கென 1994-இல் உலகளாவிய நடத்தை விதிகள் வகுக்கப்பட்டன. இனமோ மதமோ பாராமல் தேவையறிந்து உதவ வேண்டும். எந்தவொரு மதக் கொள்கையையும் வளர்ப்பதற்கு உதவியைக் கருவியாக்கலாகாது என்கின்றன அவ்விதிகள். செஞ்சிலுவை இயக்கத்தோடு சேர்ந்து அவற்றை முன்மொழிந்தவர்களுள் கத்தோலிக்கரின் காரித்தாஸ் அமைப்பும் உலகத் திருச்சபைகள் மன்றமும் அடங்குவர். இஸ்லாமிக் ரிலீஃப் போன்ற முஸ்லிம் அமைப்புகளும் அவ்விதிகளை ஏற்றுள்ளன. இந்த அளவுகோலைக் கொண்டு பிறரை அளக்கும் நாம், நம்மையும் அதனாலேயே அளந்துகொள்ளக் கடமைப்பட்டுள்ளோம்.

நம்மவரின் வரலாறும் இதில் வெறுமையானதன்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, பரங்கிப்பேட்டை ஜமாஅத்தினர் சுற்றுவட்டார மீனவக் குப்பங்களின் இந்து மக்களுக்கு அடைக்கலமும் உணவும் அளித்தனர். 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் வெள்ளக்காடாகியபோது செய்துங்கநல்லூர்ப் பள்ளிவாசல் இந்துக் குடும்பங்களுக்குத் தங்குமிடமாயிற்று. முதல் நாளின் ஈகையில் நாம் எவர்க்கும் குறைந்தோரல்லர். நம்மிடம் இன்னும் வளர வேண்டியது, நூறாவது நாளிலும் நீடிக்கும் ஒழுங்கு.

நமது புயல்

விருதுநகர் மாவட்டத்திற்குக் கடற்கரை இல்லை. எனினும் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் வாழ்வோருக்குப் புயலுக்கு நிகரான ஒன்று உண்டு. மருந்துக் கலவையில் எழும் ஒரு பொறி, நொடிப்பொழுதில் பல வீடுகளை இருளில் ஆழ்த்திவிடுகின்றது.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தை எண்ணிப் பாருங்கள். மாண்டோர் 35-க்கும் மேற்பட்டோர். அவர்களுள் பலர் அவ்வாலையின் தொழிலாளர் அல்லர்; முதல் வெடியோசை கேட்டு ஓடிவந்தவர்கள். உதவும் எண்ணத்தோடு நெருங்கியவர்களையும் அடுத்தடுத்த வெடிப்புகள் பலிகொண்டன. நல்லெண்ணத்திற்குப் பயிற்சி துணை நிற்காவிடில் என்ன நேரும் என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுமோ?

தீக்காயம் அடைந்தவரின் துன்பம் மருத்துவமனை வாசலோடு முடிந்துவிடுவதில்லை. வெந்த தோல் ஆறும்போது சுருங்கி, விரல்களையும் முழங்கையையும் மடக்கிவிடும். மாதக்கணக்கில் இயன்முறைப் பயிற்சி தேவைப்படும். அன்றாடக் கூலி நின்றுவிடும், கடன் பெருகும், பிள்ளையின் படிப்பு நின்றுபோகும். விபத்தன்று கூடிய கூட்டத்தில் எவரும் அப்போது அங்கு இருப்பதில்லை.

நாம் செய்யத்தக்கவை

ஒவ்வொரு மஹல்லாவும் தன் எல்லைக்குள் வாழும் எல்லாச் சமயத்தாரையும் கருத்திற்கொண்டு சிறு தொண்டர் குழுவொன்றை அமைத்துக்கொள்ளலாம். தீயணைப்புத் துறையினரை அழைத்து, விபத்திடத்தில் எங்கு நிற்க வேண்டும், எப்போது விலக வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ளலாம். எரிந்த உடலைக் குளிர்ந்த தூய நீரால் இருபது நிமிடம் நனைப்பதும், மை, பற்பசை போன்றவற்றைப் பூசாதிருப்பதும் நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் அறிய வேண்டிய முதலுதவி.

பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கென ஓர் ஏடு வேண்டும். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய நாள், நிவாரண மனுவின் நிலை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் ஆகியவற்றை அதில் குறித்து, மாதந்தோறும் ஒருவர் நேரில் சென்று விசாரித்து வர வேண்டும். பைத்துல்மாலில் இதற்கென ஒரு சிறு தொகையை ஒதுக்கலாம். அருகிலுள்ள தேவாலயத்தாரும் கோயில் நிர்வாகத்தாரும் இணைய விரும்பினால் அவர்களோடு தோள்சேர்ந்து நிற்பது இன்னும் சிறப்பு.

துன்புற்றவரின் வீடு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என எண்ணிப் பாருங்கள், சகோதர சகோதரிகளே! அமானிதத்தைப் பாதியில் கைவிடுவதற்கு எவருக்கும் உரிமையில்லை. அடுத்த ஜும்ஆவுக்குப் பின் உங்கள் ஜமாஅத்தில் இதனைப் பேசுங்கள். அந்த ஏட்டின் முதல் பக்கத்தில் எழுதவேண்டிய பெயர் எது என்பது, அனேகமாக உங்கள் தெருவாருக்கு இப்போதே தெரிந்திருக்கும்.