ஒரு மணி நேரத்துக்கு 1,500 டாலர்: கொரில்லாவை நம்பி ருவாண்டாவில் முதலீடு செய்யலாமா?

காட்டுக்குள் நடந்து போய், ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். அதற்கான அனுமதிச் சீட்டின் விலை 1,500 டாலர். நம்ம கணக்கில் சுமார் 1.3 லட்சம் ரூபாய். விமானம், ஹோட்டல், வண்டி எல்லாம் தனிச் செலவு.

கேரளாவை விடச் சிறிய நாடு ருவாண்டா. கடற்கரை கிடையாது. 2022 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 1.32 கோடி. ஆனால் 2024-இல் சுற்றுலா மூலம் அந்த நாடு ஈட்டியது 64.7 கோடி டாலர். இப்போது ஹோட்டல், லாட்ஜ், மாநாட்டு மையம், விமான நிலையம் என்று வெளிநாட்டு முதலீட்டாளர்களைக் கூவி அழைக்கிறது. அந்த அழைப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது? பணம் போடுபவர்கள் எதைப் பார்க்க வேண்டும்?

இவ்வளவு விலை ஏன்?

ருவாண்டா, உகாண்டா, காங்கோ ஜனநாயகக் குடியரசு. இந்த மூன்று நாடுகளைத் தவிர உலகில் வேறு எங்கும் மலை கொரில்லாவைக் காட்டில் பார்க்க முடியாது. மொத்த எண்ணிக்கையே ஆயிரத்தைச் சற்றுத் தாண்டியதுதான். மூன்று நாடுகளும் சேரும் விருங்கா மலைத்தொடரில் 1980-களின் தொடக்கத்தில் சுமார் 250 கொரில்லாக்களே இருந்தன. 2015-16 கணக்கெடுப்பில் அது 604 ஆனது. 2018-இல் ‘மிக அதிக ஆபத்தில் உள்ள இனம்’ என்ற பட்டியலில் இருந்து ஒரு படி கீழே இறக்கப்பட்டது. காட்டு விலங்குகள் விஷயத்தில் இப்படி ஒரு நல்ல செய்தி அபூர்வம்.

ருவாண்டாவின் எரிமலைகள் தேசியப் பூங்காவில் ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒரு நாளைக்கு 8 பேர் மட்டும்தான், அதுவும் ஒரே ஒரு மணி நேரம்தான் பார்க்கலாம். மனிதனின் சளி, காய்ச்சல் கொரில்லாவுக்கும் தொற்றும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு. எல்லாக் குடும்பங்களையும் சேர்த்தால் நாளொன்றுக்கு 96 சீட்டுகள். அவ்வளவுதான் சரக்கு.

கூட்டத்தைக் கூட்ட முடியாது. அப்படியென்றால் விலையைக் கூட்டு. 2017 மே மாதம் 750 டாலராக இருந்த கட்டணத்தை ருவாண்டா ஒரே இரவில் இரட்டிப்பாக்கியது. பக்கத்து உகாண்டாவில் இன்றும் 800 டாலர்தான். ‘யாரும் வர மாட்டாங்க’ என்று சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் பலர் அப்போது புலம்பினார்கள். 2018-இல் விற்றது சுமார் 15,000 சீட்டுகள். வந்த பணம் சுமார் 1.9 கோடி டாலர். வருபவர் குறைவு, வருமானம் அதிகம் என்பதே இந்த நாடு தேர்ந்தெடுத்த வழி.

பணம் உண்மையில் எங்கே இருக்கிறது?

ஒரு சின்னக் கணக்கு. வருஷம் முழுக்க, ஒரு சீட்டுகூட மிச்சமில்லாமல், முழு விலைக்கு விற்றாலும் சீட்டுகளில் இருந்து வரக்கூடியது சுமார் 5.25 கோடி டாலர்தான். ஆனால் கொரில்லா சுற்றுலா 2024-இல் 20 கோடி டாலர் ஈட்டியதாக ருவாண்டா வளர்ச்சி வாரியம் சொல்கிறது.

இரண்டுக்கும் இடையில் உள்ள இடைவெளியில்தான் முதலீட்டாளரின் வேலையே இருக்கிறது. கொரில்லா தூண்டில். மீன் சிக்குவது அதற்கு முந்தைய இரவும் அடுத்த இரவும் தங்கும் அறையில், ஏறிப் போகும் ஜீப்பில், சாப்பாட்டில், வழிகாட்டியில். அதனால்தான் 2017-இல் பிசாட்டே, 2019-இல் சிங்கிட்டா க்விடோண்டா என்று சொகுசு லாட்ஜுகள் பூங்காவின் ஓரத்தில் அடுத்தடுத்து முளைத்தன.

கொரில்லாவைத் தாண்டி என்ன இருக்கிறது?

ஒரே விலங்கை நம்பி ஒரு தொழிலை ஓட்ட முடியாது என்பது அரசுக்கும் தெரியும். வந்தவரை இன்னும் இரண்டு, மூன்று நாள் நிறுத்தி வைக்க வேண்டும். அதற்காகத் திறந்திருக்கும் கதவுகள் இவை:

• அகாகெரா பூங்கா: 1994 இனப்படுகொலைக்குப் பிறகு திரும்பி வந்த அகதிகளைக் குடியேற்ற, இந்தப் பூங்காவின் பாதிக்கு மேற்பட்ட நிலம் கொடுக்கப்பட்டது. சிங்கங்கள் அழிந்தே போயின. 2010 முதல் ‘ஆப்ரிகன் பார்க்ஸ்’ அமைப்பு அரசோடு சேர்ந்து நிர்வகிக்கிறது. 2015-இல் சிங்கங்கள், 2017-இல் கருப்புக் காண்டாமிருகங்கள் வந்தன. 2025-இல் தென்னாப்பிரிக்காவில் இருந்து 70 வெள்ளைக் காண்டாமிருகங்கள் வந்து இறங்கின.

• நியுங்வே காடு: சிம்பன்சிகள் வாழும் மழைக்காடு. மரங்களின் உச்சியில் தொங்கும் நடைபாலம் உண்டு. 2023-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது.

• கிவு ஏரி: கடல் இல்லாத நாட்டின் கடற்கரை. கரையோர ரிசார்ட்டுகளுக்கு அரசு முன்னுரிமை தருகிறது.

• கிகாலி நகரம்: 2016-இல் மாநாட்டு மையம், 2019-இல் உள்விளையாட்டு அரங்கம். 2022-இல் காமன்வெல்த் தலைவர்கள் மாநாடு, 2025-இல் ஆப்பிரிக்காவின் முதல் உலக சாலை சைக்கிள் சாம்பியன்ஷிப் என்று நிகழ்ச்சிகள் வரிசைகட்டின.

• புகெசெரா விமான நிலையம்: கிகாலிக்கு வெளியே கட்டப்பட்டு வருகிறது. இதில் 60 சதவீதப் பங்குக்கு கத்தார் ஏர்வேஸ் 2019-இல் ஒப்பந்தம் செய்தது.

அரசு என்ன சலுகை தருகிறது?

2021 முதலீட்டுச் சட்டத்தின்படி, சுற்றுலா உள்ளிட்ட சில துறைகளில் குறைந்தது 5 கோடி டாலர் போட்டு, அதில் 30 சதவீதம் சொந்த மூலதனமாக இருந்தால், 7 ஆண்டுகள் வரை வருமான வரி கிடையாது. 5 கோடி டாலர் என்றால் 400 கோடி ரூபாய்க்கு மேல். அதாவது பத்து அறை வைத்து விடுதி நடத்த நினைப்பவருக்கு இந்தச் சலுகை இல்லை.

சின்ன முதலீட்டாளருக்குக் கிடைப்பது வேறு: வேகம். நிறுவனப் பதிவை ஆன்லைனிலேயே முடிக்கலாம். அனுமதிகளுக்கு ஒரே வாசல். உலக வங்கியின் 2020 ‘தொழில் செய்ய எளிதான நாடுகள்’ பட்டியலில் ருவாண்டா 38-வது இடம். ஆப்பிரிக்காவில் மொரிஷியஸுக்கு அடுத்த இடம்.

சரி, ரிஸ்க் எங்கே?

முதல் ரிஸ்க் எல்லையில். ருவாண்டாவின் ரூபாவு நகரமும் காங்கோவின் கோமா நகரமும் ஒன்றோடொன்று ஒட்டியவை. 2025 ஜனவரியில் கோமாவை எம்23 கிளர்ச்சியாளர்கள் பிடித்தார்கள். அவர்களுக்கு ருவாண்டா ராணுவம் துணை நிற்கிறது என்பது ஐ.நா. நிபுணர்களின் அறிக்கை. ருவாண்டா இதை மறுக்கிறது. அதே ஆண்டு ஜூனில் வாஷிங்டனில் இரு நாடுகளும் அமைதி ஒப்பந்தம் போட்டன. அதன் பிறகும் துப்பாக்கிச் சத்தம் முழுசாக ஓயவில்லை.

இதன் சூடு கால்பந்து மைதானம் வரை போனது. ‘ருவாண்டாவுக்கு வாங்க’ என்ற விளம்பரத்தை ஆர்சனல் வீரர்கள் 2018 முதல் சட்டைக் கையில் தாங்கி விளையாடினார்கள். பிஎஸ்ஜி, பேயர்ன் மியூனிக் கிளப்புகளும் ஒப்பந்தம் போட்டன. இவற்றை முறித்துக்கொள்ளச் சொல்லி 2025-இல் காங்கோ கடிதம் எழுதியது. ரசிகர்களும் எதிர்த்தார்கள். பேயர்ன் அதை விளம்பர ஒப்பந்தமாகத் தொடராமல் இளைஞர் பயிற்சித் திட்டமாக மாற்றிக்கொண்டது. 2025-26 சீசனோடு முடித்துக்கொள்வதாக ஆர்சனலும் அறிவித்தது.

இரண்டாவது ரிஸ்க், நோய். 2019-இல் 49.8 கோடி டாலராக இருந்த சுற்றுலா வருமானம், கொரோனா வந்த 2020-இல் சுமார் 12 கோடிக்குச் சரிந்தது. 2024 செப்டம்பரில் மார்பர்க் வைரஸ் பரவி 15 பேர் இறந்தார்கள். மூன்றே மாதத்தில் நோயைக் கட்டுப்படுத்தியது பெரிய விஷயம். ஆனால் லாட்ஜுக்கு வந்த கேன்சல்கள் வந்ததுதான். பணக்காரப் பயணிகளை மட்டும் நம்பும் தொழிலில், ஒரு பயம் வந்தால் அந்த இடத்தை நிரப்ப வேறு ஆள் கிடையாது.

வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள்

இன்னொரு ரிஸ்க் பற்றி முதலீட்டுக் கையேடுகள் அதிகம் பேசுவதில்லை. எரிமலைகள் பூங்காவின் எல்லைச் சுவரை ஒட்டியே உருளைக்கிழங்கு வயல்கள் ஆரம்பிக்கின்றன. மண் வளமானது, ஜனம் நெருக்கம், நிலம் துண்டு துண்டு. அந்த விவசாயி மாதம் முழுக்க உழைத்தாலும் கண்ணால் காண முடியாத தொகையை, அவர் வயலைத் தாண்டிப் போகும் பயணி ஒரு மணி நேரத்துக்குக் கொடுக்கிறார். காட்டெருமை சுவரைத் தாண்டி வந்து மிதிப்பதோ விவசாயியின் பயிரை.

அவருக்கு இந்தத் தொழிலில் பங்கு இல்லையென்றால் காட்டில் கண்ணி வைப்பவரை அவர் ஏன் தடுக்க வேண்டும்? இதை உணர்ந்துதான் 2005 முதல் பூங்கா வருமானத்தில் 5 சதவீதம் சுற்றுவட்டார மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. 2017-இல் கட்டணம் ஏறியபோது பங்கும் 10 சதவீதமானது. பள்ளிக்கூடம், சுகாதார நிலையம், தண்ணீர்த் தொட்டி என்று அந்தப் பணம் திரும்புகிறது.

இதைவிட நேரடியான முன்மாதிரியும் உண்டு. சபின்யோ சில்வர்பேக் லாட்ஜின் உரிமை ஊர் மக்களின் சங்கத்திடம். நடத்துவது தனியார் நிறுவனம். தங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு தொகை சங்கத்துக்குப் போய்விடும். அங்கே லாட்ஜ் நிரம்பினால் ஊருக்கும் லாபம்.

இந்த ஏற்பாடுகளுக்கு இனிமேல்தான் உண்மையான பரீட்சை. கொரில்லாக்கள் பெருகியதால் அவற்றுக்கு இடம் பற்றவில்லை. பூங்காவைச் சுமார் 23 சதவீதம் விரிவாக்க அரசு திட்டமிட்டிருக்கிறது. அதற்காக ஆயிரக்கணக்கான விவசாயக் குடும்பங்கள் இடம்பெயர வேண்டும். புது வீடும் வேலையும் தருவோம் என்கிறது அரசு. வயலை விட்டுப் போகிறவருக்கு அந்த வீடு எப்போது கிடைக்கும், அந்த வேலை நிலைக்குமா என்பதே கேள்வி.

அப்போ பணம் போடலாமா?

ருவாண்டாவில் லாட்ஜ் கட்டுபவர் காட்டை வாங்குவதில்லை, கொரில்லாவையும் வாங்குவதில்லை. எல்லையில் அமைதி நீடிக்கும், சுவரோர விவசாயி காட்டின் பக்கம் நிற்பார் என்ற இரண்டு நம்பிக்கைகளின் மேல்தான் பணம் போடுகிறார். அதனால் வரிச் சலுகைப் பட்டியலைப் படிப்பதற்கு முன்னால் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்வது நல்லது. கோமா பக்கம் நிலவரம் எப்படி? கொரில்லா சீசன் படுத்தாலும் அறையை நிரப்ப வேறு என்ன வழி? லாட்ஜின் வருமானத்தில் பக்கத்து ஊருக்கு எவ்வளவு?

மூன்றாவது கேள்விக்கு எண்ணில் பதில் சொல்ல முடியாத திட்டம், முதல் இரண்டையும் எவ்வளவு அழகாக விளக்கினாலும் கொஞ்சம் யோசிக்க வேண்டியதுதான்.