துண்டான விரலும் பழகிய கையும்

தாழ்வுபாட்டில் இடம்பெயர்ந்து தங்கியிருந்த ஒரு கமக்காரரின் இடது பெருவிரல் விறகு கொத்துகையில் துண்டாகிவிட்டது. வீட்டார் பதறிப்போய் விரலை மீன்பெட்டி ஐசுக்குள் நேரே போட்டுக்கொண்டு ஓடினார்கள். ஐசில் உறைந்த விரலை ஒட்டமுடியாது என்றார் வைத்தியர். "உறையாமல் கொண்டுபோயிருந்தால் ஒட்டியிருக்கலாமோ, சுவாமி?" என்று அவருடைய மனைவி பின்பு நம்மிடம் கேட்டார். மண்வெட்டி பிடிப்பவருக்குப் பெருவிரல் பாதிக் கை அல்லவா? அதனால் அக்கேள்வியை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

ஒட்டலாம். 1965இல் ஜப்பானின் நாரா மாநிலத்தில் கொமற்சு, தமாய் என்னும் இரு வைத்தியர்கள், முற்றாகத் துண்டான பெருவிரலொன்றைப் பொருத்தி வெற்றி கண்டார்கள். எலும்பை இணைப்பது அவ்வளவு கடினமல்ல. இரத்தக் குழாய்தான் சிக்கல். விரலில் அது ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் அகலமே. நுணுக்குக்காட்டியின் கீழ், தலைமயிரை விட மெல்லிய நூலால் அதைச் சுற்றி ஆறு, எட்டுத் தையல் போடவேண்டும். ஒரு தையல் எதிர்ப்பக்கச் சுவரையும் சேர்த்துப் பிடித்தால் குழாய் அடைபட்டு விரல் கறுத்துவிடும்.

இதை நோயாளியின் கையிலா பழகுவது? நுணுக்குக்காட்டி கையின் நடுக்கத்தையும் பெருப்பித்தே காட்டும். அனுபவமுள்ள நிபுணரும் முதல்நாள் திணறுவார். முன்கையை மேசையில் ஊன்றி, விரல்நுனி மட்டும் அசைய, முதலில் இறப்பர் கையுறைத் துண்டைத் தைக்கிறார்கள். அடுத்தது கோழித்தொடையின் குழாய். (நாம் கறியாக்கும் அதே கோழிதான்!) கடைசியாக, மயக்கமருந்து கொடுத்த எலியின் தொடைக் குழாய். தையல் சரியோ பிழையோ, இரத்தம் ஓடுவதிலிருந்தே தெரிந்துவிடும். கோயம்புத்தூர் கங்கா வைத்தியசாலையில் வைத்தியர் இராஜ சபாபதி 1991இல் தொடங்கிய பிரிவில், பிற நாட்டு வைத்தியர்களும் வந்து நுண்சத்திரசிகிச்சை பழகுகிறார்கள்.

ஆனால் எவ்வளவு பழகிய கையும் உறைந்த விரலை உயிர்ப்பிக்காது. துண்டான விரலைச் சுத்தமான நீரில் மெல்ல அலசி, ஈரத்துணியில் சுற்றி, பொலித்தீன் பையிலிட்டு இறுகக் கட்டுங்கள். அந்தப் பையை ஐசும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வையுங்கள். ஐஸ் விரலில் நேரே படக்கூடாது. காயத்தில் கோப்பித்தூள் வேண்டாம். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வைத்தால் போதும். இப்படிக் குளிரவைத்த விரல் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேலும் தாங்கும். தசையுள்ள கையோ காலோ அவ்வளவு தாங்காது. ஆறு மணித்தியாலம் என்றே கணக்கு. கொழும்போ சுமார் 300 கிலோமீற்றர். ஆகையால் நேரே மன்னார் வைத்தியசாலைக்குப் போங்கள். மேற்கொண்டு எங்கே அனுப்புவது என்பதை அவர்கள் தீர்மானிப்பார்கள். வெட்டுப்பட்ட நேரத்தை ஒரு துண்டில் எழுதிக் கையில் கொண்டுபோங்கள்.