ஈயின் நரம்பு வலை – 6: தாண்டியபின் திரும்பாதே

சென்ற வாரம் பழ ஈயின் கருவில் நரம்புத் தாய்ச்செல்கள் வரிசை வரிசையாகத் தோன்றியதைப் பார்த்தோம். வயிற்றுப் பகுதியின் ஒவ்வொரு கண்டத்திலும் பக்கத்துக்கு 30 தாய்ச்செல்கள். அவை ஈன்ற நரம்புச் செல்கள் இப்போது தத்தம் இடத்தில் உட்கார்ந்துவிட்டன. இனி ஒவ்வொரு செல்லும் ஆக்ஸான் என்னும் மெல்லிய இழையை நீட்டி, தான் பேச வேண்டிய செல்லைத் தேடிப் போக வேண்டும். அரை மில்லிமீட்டர் நீளமுள்ள முட்டைக்குள்தான் இத்தனையும் நடக்கிறது. ஏறக்குறைய ஒரே நாளில் முட்டை பொரிந்து புழு வெளியே வந்து ஊர ஆரம்பித்துவிடும். ஊர்வதற்கான இணைப்புகள் அதற்குள் தயாராகியிருக்க வேண்டும்.

இழைக்கு வழி தேடித் தருவது அதன் நுனி. ஸ்பெயின் நாட்டு சாந்தியாகோ ரமோன் இ கஹால் 1890-இல் கோழிக் கருவின் தண்டுவடத்தில் அந்த நுனியைக் கண்டு, வளர்கூம்பு என்று பெயரிட்டார். அவர் கையில் இருந்தது சாயம் ஏற்றிய, உயிரற்ற திசுச் சீவல். அதை வைத்துக்கொண்டே, இந்த நுனி நகர்கிறது, சுற்றியுள்ள ரசாயனங்களை உணர்ந்து திசை அறிகிறது என்று அவர் ஊகித்தார். அறிவியல் வரலாற்றில் என்னை மெய்சிலிர்க்க வைக்கும் ஊகங்களில் இது ஒன்று. அந்த ரசாயனங்கள் எவை என்று தெரிய நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. தெரியவைத்ததில் பெரும்பங்கு ஈக்களுக்கு உண்டு.

ஈயின் கருவில் நரம்பு வடம் வயிற்றுப் பக்கம் ஓடுகிறது. ஆக்ஸான்களுக்கு மட்டும் நிறம் ஏற்றிப் பார்த்தால் அப்படியே ஓர் ஏணி. நீளவாக்கில் இரண்டு கால்கள், ஒவ்வொரு கண்டத்திலும் அவற்றை இணைக்கும் இரண்டு படிகள். ஏணியின் நட்டநடுவே, உடலை இடம் வலமாகப் பிரிக்கும் நடுக்கோடு. அந்தக் கோட்டில் கிளியா எனப்படும் துணைச் செல்கள் சில காவலுக்கு நிற்கின்றன. வடத்துக்குள்ளேயே இணைப்பு ஏற்படுத்தும் நரம்புச் செல்களில் பெரும்பாலானவை, பத்துக்கு ஒன்பது என்று சொல்லலாம், இந்தக் கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகின்றன. உடலின் இரு பக்கமும் ஒத்திசைந்து இயங்க இது அவசியம். மீதியுள்ளவை பிறந்த பக்கத்திலேயே தங்கிவிடும். தாண்டும் இழை ஒரே ஒரு முறைதான் தாண்டும். மறுபக்கம் போய்த் திரும்பி, கோட்டுக்குப் பக்கத்திலேயே நீளவாக்கில் ஓடினாலும் மறுபடி கோட்டின் மேல் கால் வைக்காது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. நடுக்கோடு இழைகளை ஈர்க்கிறது என்றால், போனவை அங்கேயே தங்கிவிட வேண்டுமே? விலக்குகிறது என்றால் முதலில் ஏன் போக வேண்டும்?

ஈர்ப்புக்கான விடை முதலில் கிடைத்தது. 1994-இல் மார்க் டெஸியே லவீன் குழுவினர் கோழிக் கருவிலிருந்து நெட்ரின் என்ற புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். இரண்டே ஆண்டில் ஈயின் நடுக்கோட்டிலும் நெட்ரின் இருப்பது தெரிந்தது. அதை உணரும் ஏற்பியின் பெயர் ஃபிராஸில்டு.

விலக்குக்கான விடைதான் நீண்ட கதை. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் கோரி குட்மனின் ஆய்வகத்தில் மார்க் சீகர், கை டியர் முதலானோர், எந்தக் கருதுகோளையும் பிடித்துக்கொள்ளாமல் ஒரு வேலையில் இறங்கினார்கள். ஈக்களின் மரபணுக்களில் கண்மூடித்தனமாகப் பழுதுகளை உண்டாக்குவது. அவற்றின் கருக்களை ஒவ்வொன்றாக எடுத்து நரம்பு வடத்துக்கு நிறமேற்றுவது. ஏணி எங்கே கோணிப்போயிருக்கிறது என்று நுண்ணோக்கியில் தேடுவது. கண் வலிக்கும் வேலை. எதைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே தெரியாத இந்த முறைமீது எனக்குத் தனி மதிப்பு உண்டு. நாம் கற்பனை செய்திராத பதிலையும் அது கொண்டுவந்து தரும்.

1993-இல் வெளியான முடிவில் இரண்டு மரபணுக்கள் தனித்து நின்றன. ஒன்றில் பழுது ஏற்பட்டால் ஏணியில் படிகளே இல்லை. கால்கள் மட்டும் நின்றன. அதற்குக் கமிஷர்லெஸ், சுருக்கமாகக் காம், என்று பெயரிட்டார்கள். இன்னொன்றில் நேர்மாறு. தாண்டவே கூடாத இழைகளும் தாண்டின. தாண்டியவை திரும்பத் திரும்பக் கோட்டைக் கடந்து வட்டமடித்தன. சாலைச் சந்திப்பில் வண்டிகள் சுற்றிவரும் ரவுண்டானாவை நினைவூட்டியதால் அதற்கு ரவுண்டபவுட் என்று பெயர் வந்தது. இன்று எல்லோரும் ராபோ என்கிறார்கள்.

அடுத்து அவர்கள் செய்ததுதான் சாமர்த்தியம். இரண்டு பழுதுகளையும் ஒரே கருவில் சேர்த்தார்கள். ஒன்று தாண்டவிடாது, மற்றொன்று தாண்டிக்கொண்டே இருக்கவைக்கும். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? வட்டமடித்தலே வென்றது. ராபோ இல்லாத இடத்தில் காம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அப்படியானால் காமின் வேலை ராபோவை அடக்குவதாக இருக்க வேண்டும். ஒரு புரதத்தைக்கூடக் கண்ணால் பார்க்காமல், ஈக்களை இணைசேர்த்தே எட்டிய முடிவு இது.

1998-இல் ராபோ மரபணுவின் வரிசை படிக்கப்பட்டது. அது வளர்கூம்பின் மேற்பரப்பில் இருக்கும் ஓர் ஏற்பி. இழைகளின் நீளவாக்குப் பகுதிகளில் நிறைந்திருந்த இந்தப் புரதம், கோட்டைக் கடக்கும் பகுதியில் ஏறத்தாழ இல்லவே இல்லை. இந்த ஏற்பி உணரும் விரட்டல் சமிக்ஞை எது என்பது மறு ஆண்டே தெரிந்தது: நடுக்கோட்டுக் கிளியா செல்கள் சுரக்கும் ஸ்லிட் என்ற புரதம். ஸ்லிட் அறிஞர்களுக்குப் புதிதல்ல. அது பழுதான கருவில் எல்லா ஆக்ஸான்களும் நடுக்கோட்டில் குவிந்துவிடும் என்பது முன்பே தெரியும். நடுக்கோட்டுச் செல்களே சீர்குலைவதால் அப்படி ஆகிறது என்று எண்ணியிருந்தார்கள். விரட்ட ஆளில்லாததால் வந்தவை அங்கேயே தங்கிவிட்டன என்பது இப்போது புரிந்தது.

ஆக, கோடு ஒரே நேரத்தில் நெட்ரினால் அழைக்கவும் செய்கிறது, ஸ்லிட்டால் விரட்டவும் செய்கிறது. எதைக் கேட்பது என்பது வளர்கூம்பின் மேல் எந்த ஏற்பி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. காம் நுழைவது இங்கேதான். வியன்னாவில் பாரி டிக்சன் குழுவினர் 2002-இல் இதை விளக்கினார்கள். செல்லுக்குள் புதிதாக உருவாகும் ராபோ, வளர்கூம்புக்குப் போகும் வழியிலேயே காமிடம் சிக்குகிறது. அழிப்பதற்கென உள்ள பைகளுக்குத் திருப்பி அனுப்பப்படுகிறது. நுனியில் ராபோ இல்லை, ஸ்லிட்டின் விரட்டல் உறைக்கவில்லை, இழை தாண்டிவிடுகிறது. தாண்ட வேண்டிய செல்களில் மட்டும், தாண்டும் நேரத்தில் மட்டும் காம் மரபணு இயங்குகிறது. தாண்டியதும் அது அணைந்துபோக, ராபோ நுனிக்கு வந்து சேர்கிறது. அதன்பின் அந்தக் கோடு இழைக்கு ஆகாத இடம்.

2009-இல் ஃபிலடெல்ஃபியாவில் கிரெக் பஷா குழுவினர் இன்னொரு முடிச்சை அவிழ்த்தார்கள். நெட்ரினை உணரும் அதே ஃபிராஸில்டு ஏற்பிக்கு இரண்டாவது வேலையும் உண்டு. காம் மரபணுவை இயக்கிவிடுவதும் அதுவே. ஈர்ப்பை உணர்வதும் விலக்கலுக்குச் செவிடாவதும் ஒரே மூலக்கூறின் பொறுப்பில் இருக்கின்றன. மரபணுக்களுக்குள் மூளையின் வரைபடம் எழுதியிருக்கிறது என்று பலரும் பேசுகிறோம். நான் படித்தவரையில் அங்கே எழுதியிருப்பது இப்படிப்பட்ட நேரக்கணக்குகள்தான். எந்தச் செல்லில், எந்த மணியில், எந்தப் புரதம் என்பது மட்டுமே. ஏணி அவற்றின் விளைவு.

இது ஈயோடு முடிவதாக இருந்தாலும் எனக்கு அலுக்காது. ஆனால் முடியவில்லை. ஸ்லிட், ராபோ, நெட்ரின் மூன்றும் நம் உடலிலும் உண்டு. காம் நமக்குக் கிடையாது. தண்டுவடத்திலும் பின்மூளையிலும் இழைகளைத் தாண்டவிடும் பொறுப்பை ராபோ 3 என்ற மரபணு ஏற்றிருக்கிறது. 2004-இல் லாஸ் ஏஞ்சலிஸின் ஜோவானா ஜென்னும் அவருடைய கூட்டாளிகளும் ஓர் அரிய பரம்பரை நோய்க்குக் காரணம் இந்த மரபணுவின் பழுது என்று காட்டினார்கள். இந்த நோய் உள்ளவர்களால் பிறந்ததிலிருந்தே கண்களைப் பக்கவாட்டில் திருப்ப முடியாது. பக்கத்தில் இருப்பதைப் பார்க்கத் தலையையே திருப்ப வேண்டும். குழந்தைப் பருவத்திலேயே முதுகெலும்பு வளையத் தொடங்கி, வளர வளர மோசமாகும். பலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். இரு கண்களையும் சேர்த்து ஒரே பக்கம் திருப்ப, ஒரு பக்க நரம்பு மையம் மறுபக்க மையத்துக்குக் கோட்டைத் தாண்டிச் செய்தி அனுப்ப வேண்டும். இவர்களுக்கு அந்த இழைகள் தாண்டவில்லை. மூளையிலிருந்து கைகால்களுக்கு இறங்கும் பாதைகளும் பின்மூளையில் பக்கம் மாறவில்லை. நம் எல்லோருக்கும் இடது மூளை வலது கையை அசைக்கிறது. இவர்களுக்கு இடது மூளையே இடது கையை அசைக்கிறது. அப்படியிருந்தும் இவர்களால் நடக்கவும் பொருள்களை எடுக்கவும் முடிகிறது, அறிவுத்திறனிலும் குறைவில்லை.

கோட்டைத் தாண்டிய இழை அடுத்து, ஏணிக்காலுக்குள் எந்தத் தடத்தில் ஓடுவது என்று முடிவெடுக்க வேண்டும். கோட்டை ஒட்டியா, நடுவிலா, ஓரத்திலா? ஈயில் ராபோவுக்கு இன்னும் இரண்டு உடன்பிறப்புகள் உண்டு. அந்த மூன்றும் சேர்ந்து தடங்களைப் பிரிக்கும் விதத்தை அடுத்த வாரம் பார்க்கலாம்.