யாருக்கு ஆபத்து? எட்டு அளவுகள் சொன்ன பதில்

2020 மார்ச் கடைசியில் பிரிட்டன் மருத்துவமனைகளில் கொரோனா நோயாளிகள் குவிந்தபோது, மருத்துவர்களைத் திணறடித்த கேள்வி ஒன்று உண்டு. வந்தவர்களில் பெரும்பாலோருக்கும் ஒரே மாதிரிக் காய்ச்சல், ஒரே மாதிரி இருமல். எக்ஸ்-ரே எடுத்தால் இரண்டு நுரையீரலிலும் வெள்ளைத் திட்டுகள். ஆனால் ஒருவர் சில நாளில் எழுந்து நடந்து வீட்டுக்குப் போனார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் வென்டிலேட்டருக்குப் போனார். யார் எந்தப் பக்கம் போவார் என்பதை, அவர் வந்து சேர்ந்த முதல் சில மணி நேரத்துக்குள் கணித்துவிட முடியுமா?

நிமோனியாவுக்கு ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தது. 2003-இல் வெளியான அதன் பெயர் கர்ப்-65. நினைவுக் குழப்பம், ரத்தத்தில் யூரியா, மூச்சு வேகம், ரத்த அழுத்தம், 65 வயதைத் தாண்டியவரா என்ற ஐந்தை மட்டும் பார்க்கும். கொரோனாவில் அது போதவில்லை. ஆக்சிஜன் அளவுக்கு அதில் இடமே இல்லை. கொரோனா முதலில் கைவைத்ததோ அதில்தான்.

அதுவும் ஓசைப்படாமல் கைவைத்தது. ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு 95 சதவீதத்துக்கு மேல் இருப்பது இயல்பு. 80 சதவீதத்துக்கு இறங்கிய பிறகும் சிலர் கைப்பேசியில் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்ததை மருத்துவர்கள் கண்டார்கள். மூச்சு முட்டும் உணர்வைப் பெரும்பாலும் கிளப்புவது ஆக்சிஜன் குறைவதல்ல, கரியமில வாயு தேங்குவதுதான். கரியமில வாயு நுரையீரல் சவ்வை ஆக்சிஜனைவிடச் சுமார் 20 மடங்கு எளிதாகக் கடந்துவிடும். நுரையீரலின் ஒரு பகுதி கெட்டாலும், மிச்சப் பகுதி கொஞ்சம் வேகமாக இயங்கி அதை வெளியேற்றிவிடுகிறது. ஆக்சிஜன் விஷயத்தில் அப்படி ஈடுகட்ட முடியாது. கரியமில வாயு சேராததால் மூளைக்குத் தகவல் போவதில்லை. ஆளுக்குத் திணறல் தெரிவதில்லை. மூச்சின் எண்ணிக்கை மட்டும் மெல்ல ஏறிக்கொண்டிருக்கும்.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் அந்த நாட்களில் அத்தனை உயிர்களைக் காத்தது இதனால்தான். அதன் அடிப்படையை 1974-இல் கண்டுபிடித்தவர் ஜப்பானியப் பொறியாளர் தாகுவோ அயோயாகி. அவர் 2020 ஏப்ரலில் காலமானார். தன் கருவி உலகம் முழுக்கத் தேடப்பட்ட அதே மாதத்தில்.

பிரிட்டனில் ஒரு நல்ல காரியம் முன்பே நடந்திருந்தது. அடுத்த பெருந்தொற்று வந்தால் என்னென்ன தகவல் திரட்ட வேண்டும் என்று ஆராய்ச்சித் திட்டம் ஒன்றை எழுதி, அனுமதியும் வாங்கித் தயாராக வைத்திருந்தார்கள். அது உடனே உயிர்பெற்றது. செவிலியர்களும் மருத்துவ மாணவர்களும் 260 மருத்துவமனைகளிலிருந்து விவரங்களைத் திரட்டினார்கள். லிவர்பூல், எடின்பரோ பல்கலைக்கழகங்களும் லண்டன் இம்பீரியல் கல்லூரியும் முன்னின்ற ஐசாரிக் 4சி குழு, 35,463 நோயாளிகளின் தகவலை வைத்து ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கி, வேறு 22,361 பேரிடம் சோதித்துப் பார்த்து, 2020 செப்டம்பரில் வெளியிட்டது.

அதில் உள்ளவை எட்டே அளவுகள்: வயது, ஆணா பெண்ணா, இணைநோய்களின் எண்ணிக்கை, மூச்சு வேகம், ஆக்சிஜன் செறிவு, நினைவுத் தெளிவு, யூரியா, சி.ஆர்.பி. மொத்தம் 21 மதிப்பெண். ஒவ்வொன்றும் உடலின் ஒரு மூலையிலிருந்து செய்தி கொண்டுவருகிறது. சிறுநீரகம் தடுமாறினாலும், அதற்குப் போகும் ரத்தம் குறைந்தாலும் யூரியா ஏறும். உடலில் அழற்சி மூண்டிருந்தால் கல்லீரல் சி.ஆர்.பி. புரதத்தை அள்ளிச் சுரக்கும். நினைவு மங்கினால் மூளைக்கும் ஆபத்து எட்டிவிட்டது என்று பொருள்.

ஒரு கற்பனை நோயாளியை எடுத்துக்கொள்வோம். வயது 72, ஆண், சர்க்கரை நோய் உண்டு. நிமிடத்துக்கு 24 மூச்சு, ஆக்சிஜன் 90, நினைவு தெளிவு, யூரியா லிட்டருக்கு 8 மில்லிமோல், சி.ஆர்.பி. 120. கூட்டினால் 14 வரும். அந்த ஆய்வில் 9 முதல் 14 வரை பெற்றவர்களில் 100-க்கு 31 பேர் இறந்திருந்தார்கள். இப்போது வயதை மட்டும் 45 ஆக மாற்றுங்கள். மதிப்பெண் 8-க்கு இறங்கிவிடும். அந்தப் பிரிவில் இறந்தவர்கள் 100-க்கு 10 பேர். நுரையீரலும் ரத்தமும் அப்படியே இருக்க, பிறந்த ஆண்டு ஒன்று இவ்வளவு தூரம் தள்ளுகிறது.

இதே காலத்தில் செயற்கை நுண்ணறிவும் களமிறங்கியது. வூஹான் நோயாளிகளின் மூன்று ரத்தப் பரிசோதனைகளைக் கொண்டு, இறப்பைப் பத்து நாளுக்கு முன்பே 90 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொல்லலாம் என்றது ஓர் ஆய்வு. நெதர்லாந்திலும் நியூயார்க்கிலும் பிரான்சிலும் சோதித்தபோது அது அந்த அளவுக்குத் தேறவில்லை. ஒவ்வொரு நோயாளியின் கடைசி ரத்த மாதிரியை வைத்தே அதைப் பயிற்றுவித்திருந்தார்கள். முடிவு நெருங்கியபின் எடுத்த ரத்தம் முடிவைச் சொல்வதில் வியப்பில்லை. வாசலில் வந்து நிற்கும் நோயாளியைப் பற்றிச் சொல்வதுதான் கடினம். கேம்பிரிட்ஜ் தலைமையிலான குழு எக்ஸ்-ரே, சி.டி. படங்களை வைத்துச் செய்த 62 ஆய்வுகளை அலசி, ஒன்றுகூட மருத்துவமனைக்கு உதவாது என்று 2021-இல் எழுதியது. சிலவற்றில் கொரோனா இல்லாதவர்களின் படங்கள் என்று சேர்க்கப்பட்டிருந்தவை குழந்தைகளின் படங்கள். அப்படிப்பட்ட படங்களில் பழகிய கணினி பெரியவரையும் குழந்தையையும் பிரிக்கக் கற்றிருக்கலாம். கொரோனாவைக் கற்றதா என்று எப்படிச் சொல்வது?

லண்டனில் நடந்த இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. 411 நோயாளிகளிடம் 22 கணிப்பு முறைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்திப் பார்த்தார்கள். இறப்பைக் கணிப்பதில் வயது என்ற ஒரே எண்ணையும், நிலைமை மோசமாவதைக் கணிப்பதில் ஆக்சிஜன் செறிவு என்ற ஒரே எண்ணையும் அவற்றில் எதுவும் விஞ்சவில்லை.

வயதும் ஆண் என்பதும் ஏன் இவ்வளவு கனக்கின்றன? விடையின் ஒரு பகுதி 2020 செப்டம்பரில் கிடைத்தது. வைரஸ் நுழைந்ததும் நம் செல்கள் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரந்து அக்கம்பக்கச் செல்களை உஷார்படுத்தும். உயிருக்கு ஆபத்தான கொரோனா நிமோனியா கண்ட 987 பேரில் 101 பேரின் உடலில், அந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் ஆன்டிபாடிகள் இருந்தன. ஊரை எழுப்ப வேண்டிய காவல்காரனின் வாயை வீட்டாரே பொத்தியது மாதிரி. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். லேசாக நோய் கண்ட 663 பேரில் ஒருவரிடமும் இது இல்லை. 70 வயதுக்குமேல் இந்த ஆன்டிபாடி உள்ளவர்களின் விகிதம் ஏறுகிறது என்பது அடுத்த ஆண்டு தெரிந்தது. மதிப்பெண் பட்டியலில் 'வயது', 'ஆண்' என்று எழுதியிருப்பதற்குப் பின்னால் இப்படிப்பட்ட காரணங்கள் ஒளிந்திருக்கின்றன.

கணித்து என்ன பயன் என்ற கேள்விக்கு 2020 ஜூனிலேயே பதில் வந்துவிட்டது. டெக்சாமெத்தசோன் என்ற மலிவான மருந்து, வென்டிலேட்டரில் இருந்தோரின் இறப்பை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் தேவைப்பட்டோரின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் எந்த நன்மையும் இல்லை. யாருக்கு என்ன நிலை என்று பிரித்தறியாமல் அந்த மருந்தைச் சரியாகக் கொடுக்கவே முடியாது.

எச்சரிக்கை இரண்டு. மதிப்பெண்ணோடு சேர்த்துச் சொன்ன இறப்புக் கணக்குகள் தடுப்பூசி வராத, இந்த மருந்தும் பரவலாகாத காலத்தவை; இன்றைய நோயாளிக்கு அப்படியே பொருந்தாது. அடுத்தது நம்மை நேராகத் தொடுவது. ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டியபோது உண்மையில் 88-க்குக் கீழே இறங்கியிருந்தவர்கள் வெள்ளையரில் 100-க்கு 4 பேர். கறுப்பினத்தவரில் 12 பேர். அமெரிக்காவில் 2020-இல் வந்த கணக்கு இது. கறுத்த தோலில் கருவி சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். ஆகவே கருவியை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். வீட்டில் முதியவர் யாருக்காவது காய்ச்சலும் இருமலும் வந்தால், அவர் அசையாமல் இருக்கும்போது ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணுங்கள். 24-ஐத் தொட்டுவிட்டால், திணறல் இல்லை என்று அவரே சொன்னாலும், உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.