அஜந்தாவும் ஐதராபாத்தும்

இராயபுரத்திலும் எண்ணூரிலும் கடற்காற்றின் உப்பும் ஈரமும் ஏறிய பழைய சுண்ணச்சாந்துச் சுவர்கள் பொரிந்து உதிர்வதை நாம் அன்றாடம் காண்கிறோம். நூறாண்டுச் சுவருக்கே இக்கதியெனில், 1500 ஆண்டுகளுக்கு முன் மண்பூச்சின்மீது தீட்டிய அஜந்தா ஓவியங்கள் எஞ்சியது எவ்வாறு?

வாகோரா ஆற்றின் வளைவில் அமைந்த ஏறத்தாழ முப்பது பௌத்தக் குடைவரைகளில், 9, 10ஆம் குகைகளின் பழைய ஓவியங்கள் கிறிஸ்துவுக்கு முற்பட்டவை. 1, 2, 16, 17ஆம் குகைகளின் பேரெழில் ஓவியங்கள் கி.பி. 5ஆம் நூற்றாண்டின. களிமண்ணுடன் கல்துகளும் உமியும் நாரும் குழைத்துப் பாறையில் அப்பி, மேலே மெல்லிய சுண்ணப் பூச்சிட்டு, அது உலர்ந்தபின் பசை கலந்த வண்ணங்களால் எழுதினர். காவியும் கரியும் அருகில் கிடைத்தவை. நீலக்கல்லோ ஆப்கானிய மலைகளிலிருந்து வந்தது. ஈரச் சாந்தில் ஊறும் வண்ணத்தைப்போல் இவை சுவருடன் ஒன்றுவதில்லை. ஆதலின் ஈரமே இவற்றுக்குப் பெரும்பகை. உள்நாட்டு வறட்சியும் குகையிருளும் ஆளரவமின்மையுமே இவற்றைக் காத்தன.

1819இல் சென்னைப் படையைச் சேர்ந்த ஜான் ஸ்மித் இவற்றைக் கண்டறிந்தார். கண்ட கையோடு தம் பெயரை ஓவியத்தின்மீதே கீறியும் வைத்தார்! இராபர்ட் கில் வருடக்கணக்கில் எடுத்த படிகளுள் பெரும்பாலானவை 1866இல் இலண்டன் படிகமாளிகைத் தீயில் அழிந்தன. அடுத்து கிரிஃபித்ஸும் பம்பாய்க் கலைப்பள்ளி மாணவர்களும் எடுத்த படிகளிலும் ஒரு பகுதி 1885இல் தீக்கிரையாயிற்று. மூலத்தைக் காப்பதன்றி வேறு வழியில்லை என்பது இவ்விரு தீக்களால் தெளிவாயிற்று.

அப்பொறுப்பு நிஜாமின் ஆட்சியைச் சார்ந்தது. 1914இல் தொடங்கிய ஐதராபாத் தொல்லியல் துறைக்குத் தலைமையேற்ற குலாம் யஸ்தானி அரபு, பாரசீக மொழிகளில் புலமை பெற்றவர்; இஸ்லாமியக் கல்வெட்டு ஆய்வாளர். அன்னார் புத்த சாதகக் கதைகளைச் சுவர் சுவராக ஆராய்ந்து எழுதிய 'அஜந்தா' நூலின் முதற்பகுதி 1930இலும், நான்காம் பகுதி நிஜாம் ஆட்சி முடிந்தபின் 1955இலும் வெளிவந்தன. தமதல்லாத சமயத்தின் கலைக்கு ஓர் அறிஞர் தம் பல்லாண்டு உழைப்பை ஈந்தது, நம் வரலாற்று நூல்கள் போதிய அளவு பேசாத செய்தி.

அவ்வரசு 1920இல் இத்தாலியிலிருந்து செக்கோனி, ஒர்சினி ஆகிய வல்லுநர்களையும் வரவழைத்தது. பெயர்ந்த பூச்சை அவர்கள் ஒட்டிநிறுத்தியது பெரும்பணியே. ஆனால் பாதுகாப்பெனப் பூசிய அரக்கு மெருகு காலப்போக்கில் மஞ்சளித்துக் கறுத்து, வண்ணங்களை மறைத்தது. பின்வந்த இந்தியத் தொல்லியல் துறை வேதியியலாளர்கள், அடியிலுள்ள வண்ணம் கலையாதவாறு, அதைச் சிறிது சிறிதாகக் கரைத்தெடுக்க வேண்டியதாயிற்று.